அடியாத நாயும் படியும்

பி.எஸ்ஸி. விலங்கியல், இரண்டாம் ஆண்டு

"அடியாத மாடு படியாது" என்பது ஒரு பழமொழி. "நாய் வாலை நிமிர்த்த முடியாது" என்பது மற்றொன்று. நம் ஊர்களில் வீட்டு நாயின் வாழ்வு பெரும்பாலும் இந்த இரண்டு பழமொழிகளுக்கு நடுவிலேயே கழிந்துவிடுகிறது. முதலாவதைச் சொல்லி அடிக்கிறோம். அடித்தும் திருந்தாவிட்டால் இரண்டாவதைச் சொல்லிக் கைவிட்டுவிடுகிறோம். நாயைப் பொறுத்தவரை இவ்விரண்டும் உண்மையல்ல என்பதை அறிவியலின் துணைகொண்டும், என் வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியின் துணைகொண்டும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எங்கள் வீட்டு நாயின் பெயர் மணி. சாதாரண நாட்டு நாய். தெருவில் தனியாகக் கிடந்த குட்டியை என் தம்பி தூக்கி வந்தான். அதற்கு எட்டு மாதம் ஆனபோது, சோறு தின்றுகொண்டிருந்த நேரத்தில் தட்டை நகர்த்தப் போன தம்பியின் கையை அது கவ்விவிட்டது. பல் பதிந்து இரத்தம் வந்தது. உடனே சோப்புப் போட்டு, ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவினோம். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கவில்லை. ஆகவே தம்பிக்கு அரசு மருத்துவமனையில் 0, 3, 7, 28 என்ற நாள் கணக்கில் நான்கு தவணை ஊசி போட வேண்டியதாயிற்று. ஒவ்வொரு தவணைக்கும் அம்மா களையெடுப்புக் கூலியை விட்டுவிட்டு அவனை அழைத்துச் சென்றார்.

"இதக் கண்மாய்க் கரைக்கு அங்கிட்டுக் கொண்டுபோய் விட்டுட்டு வாப்பா" என்றார் அப்பா. கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிப்பில் வைத்திருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் அன்று அது பிழைத்தது. அந்தப் பத்து நாளோடு சேர்த்து ஒரு மாதம் தவணை கேட்டேன். "ஒரு மாசம்தான். அப்புறம் நானே கொண்டுபோய் விட்டுருவேன்" என்றார். விலங்கியல் படிக்கும் மாணவன் என்ற பெயருக்கு அப்போதுதான் சோதனை வந்தது.

தலைமை என்றால் என்ன?

"நாய் அடங்க வேண்டுமென்றால் நீ அதற்குத் தலைவனாக இருக்க வேண்டும்" என்று எல்லோருமே சொன்னார்கள். எப்படித் தலைவனாவது என்று கேட்டபோது, கழுத்தைப் பிடித்துத் தரையில் அழுத்து என்றார் ஒருவர். அது தின்னும்போதே தட்டைப் பிடுங்கு என்றார் மற்றொருவர். இந்த அறிவுரைகள் நம் ஊரில் மட்டும் வழங்குபவை அல்ல. இவற்றுக்கு ஒரு வரலாறு உண்டு.

ஜெர்மனியில் காவல் துறை நாய்களைப் பழக்கிய கான்ராட் மோஸ்ட் என்பவர் 1910-இல் நாய்ப் பயிற்சி பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் வலுக்கட்டாயத்திற்கும் தண்டனைக்கும் பெரிய இடம் இருந்தது. பின்னர் 1947-இல் ருடால்ஃப் ஷெங்கெல் என்ற ஆராய்ச்சியாளர், சுவிட்சர்லாந்தின் பாசெல் விலங்குக் காட்சிச் சாலையில் அடைத்து வைக்கப்பட்டிருந்த ஓநாய்களைக் கவனித்து எழுதினார். அவை ஒன்றோடொன்று போரிட்டு உயர்நிலையைப் பிடித்தன. கூட்டத்தில் சண்டையிட்டு வென்றதே தலைவன் என்றும், நாய் ஓநாயின் வழி வந்ததாகையால் மனிதனும் நாயை வென்றே தலைவனாக வேண்டும் என்றும் இதிலிருந்து ஒரு கருத்து வளர்ந்தது. அமெரிக்க ஓநாய் ஆராய்ச்சியாளர் டேவிட் மெக் 1970-இல் எழுதிய நூலும் இக்கருத்தைப் பரப்பியது.

ஆனால் இதே டேவிட் மெக், 1986 முதல் பல கோடைக் காலங்களில் கனடாவின் எல்ஸ்மியர் தீவுக்குச் சென்று, அடைக்கப்படாத ஓநாய்களை அருகிலிருந்து கவனித்தார். அங்கே அவர் கண்டது வேறு. இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு தாய், ஒரு தந்தை, அவற்றின் குட்டிகள் சேர்ந்த குடும்பமே. தாயும் தந்தையும் வழிநடத்துகின்றன, குட்டிகள் பின்செல்கின்றன. அடைப்புக்குள் நெருக்கி வைக்கப்பட்ட ஓநாய்களின் சண்டையை இயற்கையின் சட்டமாகக் கொண்டது தவறு என்று 1999-இல் அவரே கட்டுரை எழுதினார். தம் பழைய நூலை மேலும் அச்சிட வேண்டாமென்றும் பதிப்பாளரைக் கேட்டுக்கொண்டார். தம் கருத்தைத் தாமே திருத்திக்கொள்ளும் இந்தத் துணிவு, அறிவியல் மாணவர்களாகிய நாம் நினைவில் கொள்ளத்தக்கது.

மேலும், நாய் இன்று ஓநாய் அல்ல. குறைந்தது 14,000 ஆண்டுகளாக அது மனிதனோடு வாழ்ந்து வருகிறது. ஆகவே நாய்க்குத் தலைவனாவது என்பது, வேளைக்கு உணவு தந்து, எங்கே போகலாம் எங்கே போகக் கூடாது என்று காட்டி, அச்சம் வந்தால் அருகில் நிற்கும் பெற்றோரின் நிலையை ஏற்பதாகும். போட்டியில் வெல்பவனின் நிலை அதற்குத் தேவையில்லை.

நாய் எவ்வாறு கற்கிறது?

ரஷ்ய உடலியல் அறிஞர் இவான் பாவ்லோவ் (1849–1936) செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்றவர். உணவு வருமுன் ஓர் ஓசையை மீண்டும் மீண்டும் எழுப்பினால், நாளடைவில் அந்த ஓசையைக் கேட்ட மாத்திரத்திலேயே நாய்க்கு உமிழ்நீர் சுரக்கிறது என்று அவர் காட்டினார். இதனையே ஆக்கநிலையுறுத்தல் என்கிறோம். நம் வீட்டில் சோற்றுத் தட்டின் ஓசை கேட்டதும் நாய் ஓடி வருவதும் இதுவே. கம்பை எடுக்கும் ஓசை கேட்டதும் அது ஒடுங்குவதும் இதுவே. அன்பும் அச்சமும் ஒரே வழியில்தான் உள்ளே நுழைகின்றன.

அமெரிக்காவில் எட்வர்ட் தார்ண்டைக் 1898-இல் வெளியிட்ட ஆய்வில், பசித்த பூனைகளைப் பெட்டியில் அடைத்து வெளியே உணவை வைத்தார். பூனை தற்செயலாகத் தாழை விடுவித்து வெளியே வந்தது. மறுபடி மறுபடி அடைத்தபோது வெளிவர எடுத்த நேரம் குறைந்துகொண்டே சென்றது. நல்ல விளைவைத் தரும் செயல் நிலைபெறும் என்ற விளைவு விதி இதிலிருந்து பிறந்தது. பி. எஃப். ஸ்கின்னர் 1938-இல் வெளியிட்ட நூலில் இதனை மேலும் விரித்தார். செயலை அடுத்து உடனே பரிசு கிடைத்தால் அச்செயல் வலுப்பெறும். இது வலுவூட்டல் எனப்படும்.

அவரும் ஃபெர்ஸ்டரும் 1957-இல் வெளியிட்ட நூலில் இன்னொரு செய்தி விளக்கப்பட்டிருக்கிறது. நாய் வளர்ப்போர் அனைவரும் அறிய வேண்டிய செய்தி இது. ஒவ்வொரு முறையும் பரிசு பெற்ற செயலைவிட, எப்போதாவது ஒரு முறை பரிசு பெற்ற செயலே மறைவதற்கு அரிதாகிறது. நாம் சாப்பிடும்போது நாய் வந்து நின்று பார்க்கிறது. ஒன்பது நாள் விரட்டுகிறோம். பத்தாவது நாள் இரக்கப்பட்டு ஒரு கவளம் போடுகிறோம். ஒன்பது நாள் கண்டிப்பும் அன்றே வீணாகிவிடுகிறது. காத்திருந்தால் ஒரு நாள் கிடைக்கும் என்ற பாடத்தையே நாய் கற்றுக்கொள்கிறது.

எங்கள் வீட்டில் நடந்த தவறு

இவற்றைக் கல்லூரி நூலகத்தில் படித்த பிறகு எங்கள் வீட்டைப் பார்த்தேன். மணி திண்ணையில் ஏறினால் அப்பா அடிப்பார். அதே திண்ணையில்தான் அம்மா அதற்குக் கஞ்சி ஊற்றுவார். தம்பி தன் கையைக் கடிக்கவிட்டு விளையாடிச் சிரிப்பான். காலையில் கல்லூரிக்குப் புறப்பட்டு இருட்டிய பின் திரும்பும் நான், நினைத்தபோது கொஞ்சுவேன், நினைத்தபோது விரட்டுவேன். நான்கு பேருக்கு நான்கு சட்டம். மணி எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. எந்த வேளையில் எந்தச் சட்டம் என்பதுதான் அதற்கு விளங்கவில்லை.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. அது என்னுடையது. கடிப்பதற்கு இரண்டு மாதம் முன்பு, தட்டருகே நான் சென்றபோது மணி உறுமியது. கம்பால் அடித்தேன். இரண்டு மூன்று முறை அடித்த பின் உறுமுவதை நிறுத்திவிட்டது. பழக்கிவிட்டேன் என்று பெருமைப்பட்டேன். உண்மையில், "கிட்டே வராதே" என்று சொல்ல அதற்கு இருந்த ஒரே சொல்லை நான் பறித்துவிட்டேன். அச்சம் உள்ளேயே இருந்தது, எச்சரிக்கை மட்டும் போய்விட்டது. அதனால்தான் தம்பி கை நீட்டியபோது அது உறுமாமலே கடித்தது. உறுமும் நாயை அடிக்கக் கூடாது. உறுமலுக்குக் காரணமான அச்சத்தைத்தான் அகற்ற வேண்டும்.

அன்றாட ஒழுங்கு

முதலில் வீட்டில் உள்ள நால்வரும் ஒரே சட்டம் என்று முடிவு செய்தோம். ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டினேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அதன் சுருக்கம் வருமாறு:

1. காலை 5.30-க்கு வெளியே அழைத்துச் செல்வது. ஓடியாடிக் களைத்த நாய்க்குப் பாடம் எளிதில் ஏறும், குறும்பும் குறையும்.

2. காலை 6.30-க்கும் இரவு 8 மணிக்கும் உணவு. வளர்ந்த நாய்க்கு இரு வேளை போதும். இரண்டு மூன்று மாதக் குட்டியானால் நான்கு வேளை வேண்டும். உணவு ஒரே இடத்தில், ஒரே தட்டில். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. வெந்த எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

3. பயிற்சி காலையும் மாலையும் ஐந்து முதல் பத்து நிமிடம் மட்டும். மணிக்கணக்கில் பழக்கினால் நாய்க்குச் சலிப்பும் நமக்குச் சினமும்தான் மிஞ்சும்.

4. ஒரு செயலுக்கு ஒரே சொல். ஒருவர் "உட்கார்" என்றும், மற்றொருவர் "குந்து" என்றும், தம்பி ஆங்கிலத்தில் "சிட்" என்றும் சொல்லக் கூடாது.

5. யாரும் தம் இலையிலிருந்து எடுத்துப் போடக் கூடாது.

நான்கு சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். "உட்கார்" என்பதைக் கற்பிக்க, வேகவைத்த கோழி ஈரல் துண்டு ஒன்றை மணியின் மூக்கருகே பிடித்து மெல்ல மேலே, பின்பக்கமாக நகர்த்தினேன். தலை நிமிர, பின்பாகம் தானே தரையில் பட்டது. பட்ட அந்த நொடியில் "உட்கார்" என்று சொல்லித் துண்டைக் கொடுத்தேன். இரண்டு நாளில் கற்றுக்கொண்டது. அது பழகிய பின் சில முறை துண்டும் சில முறை தடவிக் கொடுத்தலும் போதும்.

"இரு" என்பது பொறுமைக்கான சொல். தட்டைக் கீழே வைக்குமுன் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். முதல் நாள் இரண்டு நொடி, பிறகு ஐந்து, பிறகு பத்து. எழுந்துவிட்டால் திட்டுவதில்லை. தட்டு மேலே போய்விடும், அவ்வளவுதான். "வா" என்பதற்கு ஒரே விதி: வந்த நாயை ஒருபோதும் தண்டிக்கக் கூடாது. கூப்பிட்டு அடித்தால் அடுத்த முறை வராது. "விடு" என்பதைப் பண்டமாற்றாகவே கற்பிக்க வேண்டும். செருப்பைக் கவ்வியிருந்தால் அதைவிட நல்லதொன்றைக் காட்ட வேண்டும்.

கடினமான பாடம் தட்டுதான். முதல் வாரம், மணி தின்னும்போது ஐந்தாறு அடி தள்ளி நின்று ஓர் ஈரல் துண்டைத் தட்டின் பக்கம் எறிந்துவிட்டுச் சென்றுவிடுவேன். இரண்டாம் வாரம் மூன்றடி தூரம். மூன்றாம் வாரம் தட்டிலேயே போட்டேன். அது விறைத்து நின்றாலோ, அவசரமாக விழுங்கினாலோ ஓரடி பின்வாங்கிக்கொண்டேன். தட்டை ஒரு முறைகூடப் பிடுங்கவில்லை. மனிதன் அருகே வருவது பறிக்க அல்ல, கொடுக்கவே என்று மணி தெரிந்துகொள்ள வேண்டும். நான்காம் வாரம் நான் அருகில் நிற்கத் தம்பி அதையே செய்தான். அவன் கை நடுங்கியது. மணி தலையைத் தூக்கிப் பார்த்து வாலை ஆட்டியது.

செய்யக் கூடாதவை

நடந்து முடிந்ததற்குத் தண்டனை தருவது பயனற்றது. காலையில் கிழித்த துணிக்கு மாலையில் அடித்தால், மாலையில் நாம் வருவதற்கே நாய் அஞ்சும். "அதற்குத் தப்பு செய்தது தெரியும், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறதே" என்பார்கள். 2009-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் இதனை ஆராய்ந்தார். தின்னக் கூடாது என்று சொல்லிவைத்த தீனியை நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அதன் குற்ற முகத்துக்கும் தொடர்பில்லை என்று கண்டார். உடையவர் திட்டியபோதே அந்த முகம் தோன்றியது. தின்னாத நாய்களும் திட்டு வாங்கியபோது அதே முகத்தைக் காட்டின. நாம் குற்ற உணர்வு என்று நினைப்பது, நம் சினத்துக்கு அது தரும் துலங்கலே.

நாள் முழுதும் சங்கிலியில் கட்டிப்போடுவதும் ஒழுங்கு ஆகாது. கட்டிக் கிடக்கும் நாய் சினமும் அச்சமும் மிக்கதாகிறது. எப்போதும் கட்டிவைத்த நாயைப் போதிய அளவு உலவ விடாதிருப்பது, 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமுமாகும். சிறு குழந்தைகளை நாயோடு தனியே விடுவதும் கூடாது.

குட்டியிலேயே தொடங்குவது மிக நன்று. ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் நீண்ட காலம் ஆராய்ந்து 1965-இல் வெளியிட்ட நூலின்படி, ஏறத்தாழ 3 முதல் 12 வாரம் வரையுள்ள பருவமே குட்டி மனிதரோடும் பிறவற்றோடும் பழகிக்கொள்ள ஏற்ற பருவம். அப்பருவம் கடந்த நாயும் கற்கும். நமக்குப் பொறுமை கூடுதலாக வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியை மூன்றாம் மாதத்தில் போட வேண்டும், பிறகு ஆண்டுதோறும். கால்நடை மருத்துவமனையில் மணிக்கு அதைப் போட்டு வந்தபோது, அம்மா இழந்த நான்கு நாள் கூலி நினைவுக்கு வந்தது. ஒரு நாள் முன்னதாக நான் சென்றிருந்தால் அந்த அச்சம் எங்கள் வீட்டுக்குள் வந்திராது.

அப்பாவின் மாடுகள்

இறுதியாக ஒன்று. அடியாத மாடு படியாது என்று சொல்லும் என் அப்பா தம் உழவு மாடுகளை எவ்வாறு பழக்குகிறார் என்று அந்த மாதத்தில்தான் கவனித்தேன். விடியுமுன் எழுந்து, தாம் ஒரு வாய் தண்ணீர் குடிக்குமுன் அவற்றுக்குத் தண்ணீர் காட்டுகிறார். பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் வைக்கும் நேரம் தவறுவதில்லை. திரும்புவதற்கு ஓர் ஓசை, நிற்பதற்கு ஓர் ஓசை. நான் சிறுவனாக இருந்த நாள் முதல் அந்த ஓசைகள் மாறியதே இல்லை. சாட்டை அவர் கையில் இருக்கிறது, ஆனால் மாட்டின் மேல் விழுவதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். நூல்களில் நான் தேடிய பாடம் கொட்டத்திலேயே நாள்தோறும் நடந்துகொண்டிருந்தது. பழமொழியைச் சொன்னாரே தவிர, அப்பா அதன்படி நடக்கவில்லை.

இதை அவரிடம் சொன்னேன். "மாடு சோறு போடுது, நாய் என்னத்தப் போடுது?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. ஆனால் மறுநாள் இரவு, நான் வர நேரமாகிவிட்டபோது, அப்பாவே தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மணியிடம் "இரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கதவில் ஒட்டிய தாளில் இருந்த அதே சொல்.

மணி இன்னும் சைக்கிளைக் கண்டால் குரைக்கிறது. விருந்தினர் வந்தால் மேலே தாவுகிறது. எல்லாம் ஒரு மாதத்தில் மாறிவிடவில்லை. கடுமையாகக் கடித்துப் பழகிய நாயானால் கால்நடை மருத்துவரின் துணையின்றி முயல்வதும் தகாது. ஆயினும் ஒன்று உறுதி. நாய்க்கு ஒழுங்கு கற்பிக்க விரும்புவோர் முதலில் தம் நேரத்தையும், தம் சொல்லையும், தம் சினத்தையும் ஒழுங்குக்குள் கொண்டுவர வேண்டும். நாய் அதைப் பார்த்தே கற்கிறது.

தவணை முடிந்த நாளை அப்பா நினைவுபடுத்தவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை.